காது மட்டும் உள்ள ராசா

எங்கள் மேட்டுக்காட்டின் நடுவே அகலமான ஒரு பாறை கிடந்தது. அதுதான் எங்களுக்குக் களம். கேழ்வரகுக் கதிரை அதன்மேல் பரப்பி மாடு ஓட்டுவோம். மேற்கு ஓரத்தில் ஓரிடத்தை மட்டும் குதிகாலால் தட்டினால், அடியில் வெற்று அறை இருப்பதுபோல 'டொம்' என்று கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டு ஒரு பாதாள உலகத்தையே கட்டினேன் நான். அப்போது எனக்குப் பதினோரு வயது, தங்கைக்கு ஆறு.

அவள் சரியான அழுமூஞ்சி. அப்பாவும் அம்மாவும் கதிரறுக்கப் போய்விட்டால் அவள் என் பொறுப்பு. "அம்மாகிட்டப் போவோணும்" என்று தொடங்கினால் ஓயமாட்டாள். எனக்கோ பொறுமை கிடையாது, இன்றைக்கும் கிடையாது. ஒருநாள் எரிச்சல் தாங்காமல் அவளை இழுத்துப்போய் அந்த இடத்தைத் தட்டிக் காட்டினேன்.

"கேட்டியாடி? கீழ பாதாளத்து ராசா இருக்கான். கண்ணு கெடையாது, காது மட்டும் மொறம் மாதிரி. பாறை மேல ஆரு அழுதாலும் கையை நீட்டி உள்ள இழுத்துக்குவான்."

அழுகை சட்டென்று நின்றது. எனக்கு ஒரே குஷி. அதன்பிறகு தினமும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டே போனேன். யுத்த காலம், மண்ணெண்ணெய் கிடைக்காமல் எங்கள் வீடே இருட்டாய்க் கிடந்தது. அதனால் அங்கே விளக்கே இல்லை என்றேன். எவ்வளவு கிண்டினாலும் களி வேகாது, பச்சை மாவைத்தான் விழுங்கவேண்டும். அம்மா கூப்பிட்டால் காதில் விழாது. இழுத்துப்போன பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து அழவிடுவான் ராசா, அந்த அழுகைதான் அவனுக்குச் சோறு. பாவி, எங்கிருந்துதான் வந்ததோ எனக்கு அந்தப் புத்தி!

"அப்ப அழுகை வந்தா என்னக்கா பண்றது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"புளியமரத்துக்கு அந்தாண்ட போயி அழு. அங்க அவனுக்குக் கேக்காது."

புளியமரம் இரண்டு காடு தள்ளி இருந்தது.

அந்த வருடம் கதிரடித்த நாளில் பாறை முழுக்க ஆட்கள். நான் மணி உதிர்ந்த தாளை உதறிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஓரத்துத் தாள்போருக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தவள் என்னிடம் வந்து நின்றாள். வாயை இரண்டு கையாலும் பொத்தியிருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள் என்று எனக்குக் கோபம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையை நீட்டிப் புளியமரத்தைக் காட்டினேன். அவள் நொண்டிக்கொண்டு போனாள். முள் குத்தியிருக்கும் என்று நினைத்தேன்.

கஞ்சி குடிக்கும் நேரத்தில்தான் அம்மா தேடினாள். புளியமரத்துக்கு அந்தப் பக்கம் தங்கை கிடந்தாள். அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது. பாதம் வீங்கி, இரண்டு பல் பதிந்திருந்தது. தாள்போருக்கு அடியில் இருந்த சுருட்டைப் பாம்பைப் பிறகு அடித்துப் போட்டார்கள்.

"கடிச்சவொடனே கத்தக்கூடாதா கண்ணு?" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

வண்டி கட்டி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நேரம் கடந்துவிட்டது என்றார்கள். திரும்பி வந்து பச்சிலை கட்டிப் பார்த்தோம். ஈறிலிருந்து வடிந்த ரத்தம் நிற்கவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் அம்மா வெந்நீர் வைக்கப் போனபோது தங்கை என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, இங்க அழலாமா?"

எல்லாம் பொய்டி, கீழே ஒருத்தனும் இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. வாசற்படியில் அப்பா உட்கார்ந்திருந்தார். தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். "அழலாம் கண்ணு, இங்க கேக்காது" என்றேன். அவள் கொஞ்சநேரம் சத்தமில்லாமல் அழுதாள். மதியத்துக்குள் போய்விட்டாள்.

சின்னப் பிள்ளைகளை எரிக்கமாட்டார்கள். புளியமரத்து நிழலில் குழி வெட்டினார்கள். கடப்பாரைச் சத்தம் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அவளை மண்ணுக்குக் கீழேதான் வைக்கப்போகிறார்கள். அங்கே என்ன இருக்கும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். விளக்கு இல்லை, களி வேகாது, அம்மா கூப்பிட்டால் கேட்காது. "வேணாம், கீழ வெக்காதீங்க" என்று கத்தினேன். தங்கச்சிமேல் உயிர் என்று என்னை அணைத்துக்கொண்டார்கள்.

அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள், "எம்புள்ள பொறுமைசாலி, பாம்பு கடிச்சும் கத்தல" என்று. நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்பேன்.

கல்யாணமாகிப் போகும்வரை, யாரும் இல்லாத நேரத்தில் அந்த டொம் சத்தம் வரும் இடத்தில் குப்புறப் படுத்து வாயை வைத்துச் சொல்வேன். "விளக்கு ஏத்தியாச்சு கண்ணு. களி வெந்துருச்சு. அம்மா கூப்புடறது கேக்கும், கேட்டுப் பாரு." ராசாவை மட்டும் என்னால் அங்கிருந்து துரத்த முடியவில்லை. நான் எத்தனை முறை இல்லை என்று சொன்னாலும் அவள் நம்பமாட்டாள் என்று தோன்றும். அதனால் எழுந்துபோகும் முன்பு ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்லிவிட்டுத்தான் போவேன்:

"வாயிலேருந்து கையை எடுடி. சத்தமா அழு. அவனுக்கு இப்ப காதும் கேக்காது."