அசையாத முள்

சந்திரகலாவுக்குப் பயப்படக் காரணம் தேவையில்லை. மூலக்குளத்திலிருந்து லாஸ்பேட்டை ஆபீசுக்கு ஸ்கூட்டரில் பாதி தூரம் போன பிறகு, காஸை மூடினோமா என்று திரும்பி வருகிற ஜென்மம். அவள் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி வீட்டில் போன் இல்லாமலே வெளியே பேச ஹாம் ரேடியோ வைத்ததும் பயத்தால்தான். மாமியார் அஞ்சலாட்சிக்கு நுரையீரல் சரியில்லை, ஆக்சிஜன் இல்லாமல் முடியாது. புயலில் போன் செத்துப்போனால் யாரைக் கூப்பிடுவது?

ரேடியோவோ புதுப் பயத்தைக் கொடுத்தது. செட்டும், மாடியில் கட்டிய ஆன்டெனாவும், நடுவில் ஓடும் கேபிளும் இம்பீடன்ஸில், அதாவது மின்சாரத்துக்குக் காட்டும் தடையில், ஒத்துப்போக வேண்டும். மூன்றுக்கும் ஐம்பது ஓம். இல்லாவிட்டால் அனுப்புகிற சக்தியில் ஒரு பங்கு ஆன்டெனா வாசலோடு திரும்பிவிடும். எவ்வளவு திரும்புகிறது என்று மீட்டரில் ஒரு முள் காட்டும். கலா பேசும்போதெல்லாம் அந்த முள் துள்ளும். செட் எரிந்துபோகுமோ என்று இவளும் துள்ளுவாள். ஆன்டெனா கம்பியை வெட்டிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள், அடங்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்த பிறகு ஒருநாள் முள் தானாகவே அடங்கியது. பேசினால் அசையக்கூட இல்லை. கலா அன்றைக்குக் கேசரி கிளறினாள்.

"கம்பியோட பேசறவளுக்கு இன்னிக்கு என்னடி வந்துச்சி?" என்று கேட்டுக்கொண்டே கிழவி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

புயல் கரை கடந்த மறுநாள் காலை கரண்ட் இல்லை, போன் இல்லை, தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஆக்சிஜன் மிஷின் நின்றுபோய்க் கிழவிக்குச் சிலிண்டரில் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் தீரப்போகிறது. லாஸ்பேட்டை நிவாரண முகாமில் இன்னொரு ஹாம்காரர் கமலக்கண்ணன் தன் செட்டோடு காத்திருப்பார் என்பது முன்பே பேசி வைத்தது. கலா பேட்டரியில் செட்டைப் போட்டுக் கூப்பிட்டாள். பதில் இல்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். வழக்கமான இரைச்சல்கூட வரவில்லை. மீட்டர் முள் மட்டும் சமர்த்தாகப் படுத்திருந்தது.

"கலா, மூச்சு முட்டுதுடி" என்றாள் கிழவி. குரலில் கேலி இல்லை.

அப்போதுதான் உறைத்தது. அனுப்பிய சக்தி திரும்பி வரவில்லை என்றால் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றா அர்த்தம்? வழியிலேயே செத்தாலும் திரும்பி வராதே! மாடியில் ஆன்டெனாவோடு சேரும் ஜாயின்ட் வழியாக மழைத்தண்ணீர் கேபிளுக்குள் இறங்கியிருக்கிறது. அனுப்பியதையெல்லாம் ஊறிப்போன கேபிளே விழுங்கிக்கொண்டிருக்கிறது. இதற்கா கேசரி கிளறினோம் என்று அவளுக்கு அழுகை முட்டியது.

செட்டையும் பேட்டரியையும் தூக்கிக்கொண்டு மாடிப்படி உச்சிக்கு ஓடினாள். ஆன்டெனா அங்கிருந்துதான் தொடங்குகிறது. கொட்டுகிற மழையில் பழைய கேபிளைக் கழற்றிப் போட்டுவிட்டு, கையிலிருந்த புதுக் கேபிள் துண்டால் செட்டை நேரே ஆன்டெனாவோடு இணைத்தாள். கூப்பிட்டாள். முள் பழையபடி துள்ளியது.

"கமலக்கண்ணன் பேசறேன். நல்லா கேக்குதும்மா, சொல்லு."

படகில் சிலிண்டர் வந்தது. மாட்டிக் கொஞ்ச நேரம் கழித்துக் கிழவி கண்ணைத் திறந்தாள்.

"கம்பி பேசிச்சாடி?"

"பேசிச்சி அத்தை" என்று சொல்லி, கலா அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.