பதில் வந்தால்தான் மார்க்

எனக்குச் சிறு வயதிலிருந்தே மூக்குக்கு மேல் கோபம். பத்தாம் வகுப்பில் அந்தக் கோபத்துக்கு நியாயமான காரணம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. ஹைதராபாத்தை ஒட்டிய ராமச்சந்திராபுரத்தில், அப்பா வேலை பார்த்த கம்பெனியின் டவுன்ஷிப் பள்ளிக்கூடம் பத்தோடு முடிந்துவிடும். மேலே படிக்க வேண்டுமென்றால் நகரத்துக்குள் இருக்கும் ஜூனியர் காலேஜுக்குத்தான் போக வேண்டும். இரண்டு பஸ் மாறி, போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். பையன்கள் போனார்கள். பெண்கள் டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போனார்கள். அப்பாவும் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"ரெண்டு பஸ் மாறிப் போயி எம்மவ படிக்க வேண்டாம். டைப்பு படிக்கட்டும்."

அப்பா ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான். தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது. நான் ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்து பார்த்தேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

அந்த வருடம்தான் எங்களுக்கு ஆங்கிலம் எடுக்கப் புது மிஸ் வந்தார். பழைய பட்டணத்து முஸ்லிம் குடும்பத்துப் பெண். முப்பது வயது இருக்கும். வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே பேசுவார். பொறுமை போனால் ஹைதராபாத் உருது வந்துவிடும். அவர் சொன்னதை இங்கே தமிழாக்கித்தான் எழுதுகிறேன். எதற்கு என்பதற்கு 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', இந்த இரண்டை மட்டும் அவர் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன், மாற்ற மனம் வரவில்லை.

அதுவரை கட்டுரை என்றால் எங்களுக்குக் கைடு. பசு, மழைநாள், ரயில் பயணம் எல்லாம் அதில் தயாராக இருக்கும். மனப்பாடம் செய்து இறக்கிவைத்துவிட்டு வருவோம். மிஸ் முதல் வாரமே வகுப்பின் கைடுகளையெல்லாம் வாங்கி மேஜையில் அடுக்கினார். காலையில் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வருவதற்குள் பார்த்ததை ஒரு பக்கம் எழுதச் சொன்னார். "விசாகப்பட்டினத்தில் இருக்கிற பெண்ணும் இதையே எழுதலாம் என்றால் உனக்கு மார்க் கிடையாது" என்றார். நான் பறவைகள் பாடின என்று எழுதியிருந்தேன். அடியில் சிவப்பு மையில், என்ன பறவை, எங்கே உட்கார்ந்திருந்தது, உனக்கு எப்படித் தெரியும் என்று மூன்று கேள்விகள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாட்டா முக்கியம், பறவையா முக்கியம் என்று பக்கத்துப் பெண்ணிடம் முணுமுணுத்தேன். ஆனால் மறுநாள் காலை நின்று பார்த்தேன். மைனா. தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் உட்கார்ந்திருந்தது. பாடவெல்லாம் இல்லை, சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அப்படியே எழுதினேன். இருபதுக்குப் பதினாறு போட்டிருந்தார்.

அந்த அம்மாளை எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். பிடித்தது என்பது சின்னச் சொல். நாற்பது நோட்டையும் வாரா வாரம் வீட்டுக்குத் தூக்கிப்போய், ஒவ்வொரு வரியையும் படித்து, மறு வாரம் திருப்பித் தந்துவிடுவார். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. நாங்கள் எழுதிய குப்பையை அவ்வளவு மரியாதையாக அதற்கு முன் யாரும் படித்ததில்லை.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் கடிதம் எழுதச் சொன்னார். பாடப்புத்தகத்தில் இருப்பது போல 'ஓர் அதிகாரிக்கு' என்று காற்றில் எழுதக் கூடாது. சரி என்றோ முடியாது என்றோ சொல்லக்கூடிய, உயிரோடு இருக்கும் ஒரு மனிதருக்கு எழுத வேண்டும். ஒரே ஒரு விஷயம்தான் கேட்கலாம். நிஜமாகவே அனுப்ப வேண்டும். பதில் வந்தால்தான் மார்க். "அவர் முடியாது என்று எழுதினாலும் மார்க் உண்டு. பதிலே வராவிட்டால் உன் கடிதத்தில் கோளாறு" என்றார். ஒருத்தன் தெருவிளக்குக்காக எழுதினான். இன்னொருத்தி பம்பாயில் இருக்கும் மாமாவுக்குக் கைக்கடிகாரம் கேட்டு எழுதினாள்.

நான் கம்பெனியின் ஜெனரல் மேனேஜருக்கு எழுதினேன். காலை ஆறு மணிக்கு நைட் ஷிப்ட் முடிந்து, ஆறரைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு கம்பெனி பஸ் நகரத்துக்குப் போகும். மத்தியானம் ஒரு மணிக்கு இரண்டாம் ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு அங்கிருந்து திரும்பும். நகரத்தில் காலை எட்டிலிருந்து பன்னிரண்டரை வரை நடக்கும் காலேஜ் ஒன்று இருந்தது. அந்த பஸ்ஸில் எங்கள் டவுன்ஷிப் பெண்களை ஏற்றிக்கொள்ளுங்கள், இரண்டு பஸ் மாற வேண்டாம் என்பதுதான் விஷயம். என் படிப்பே அந்த ஒரு காகிதத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பென்சிலில் எழுதியதை மிஸ் பார்த்தார். 'மிகத் தாழ்மையுடன்' என்று ஆரம்பித்திருந்தேன். "தாழ்மை கைக்கு? நீ பிச்சை கேட்கவில்லை. காலி இடம் கேட்கிறாய்" என்று அடித்தார். 'தங்கள் கருணையை நாடி' என்பதையும் அடித்தார். "நக்கோ." மேலே, முகவரிக்குக் கீழே, 'த்ரூ ப்ராப்பர் சேனல்' என்று போட்டு அழுத்தமாக ஒரு கோடும் இழுத்திருந்தேன். அங்கே பேனா நின்றது.

"இது என்ன?"

எனக்கு என்ன தெரியும். அப்பா லீவுக்கு எழுதினாலும், லோனுக்கு எழுதினாலும், குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகுகிறது என்று எழுதினாலும் அந்த வரி இருக்கும். பெரிய மனிதர்களுக்கு எழுதும்போது பிள்ளையார் சுழி மாதிரி அதையும் போட வேண்டும் என்று நினைத்திருந்தேன். மிஸ் சிரிக்கவில்லை. கம்பெனியில் இருப்பவர்கள் எழுதினால் முதலில் நேர் மேலதிகாரியிடம் கொடுக்க வேண்டும், அவர் குறிப்பெழுதி அடுத்தவருக்கு, அவர் அதற்கு மேலே, அப்படித்தான் உச்சிக்குப் போகும் என்று விளக்கினார்.

"கம்பெனியில் உனக்கு யார் இருக்கிறார்கள்?"

"அப்பா. இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறார்."

"அப்படியானால் அவர்தான் முதல் ஆள். இந்த வரி இருந்தால் அதன்படி நடக்க வேண்டும். வேண்டாமென்றால் அடித்துவிட்டு நேராகத் தபாலில் போடு."

படிக்கக் கூடாது என்று சொன்ன மனிதரிடமே போய், என்னைப் படிக்க அனுப்பச் சொல்லி மேலே எழுதுங்கள் என்று நீட்ட வேண்டும். ஒரு கோடு கிழித்தால் தப்பித்துவிடலாம். ஆனால் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அடிக்க மாட்டேன் மிஸ்" என்றேன். கோபக்காரிகளுக்கு வரும் வீராப்புதான், வேறொன்றுமில்லை.

அன்று சாயங்காலம் அப்பா காபி குடித்து முடித்ததும் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"ஏட்டி, இத எதுக்கு எங்கிட்ட தார?"

"ப்ராப்பர் சேனல்" என்றேன்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மூன்று நாள் கிணற்றில் போட்ட கல்தான். அம்மா அடுப்படியிலிருந்தே, "ஃபைலு நகந்துச்சாட்டி?" என்று என்னைச் சீண்டினாள். ராத்திரிச் சாப்பாட்டில் அவரிடமும் மெதுவாகச் சொன்னாள், "ஒங்க மவளுக்கு நீங்களே சிபாரிசு பண்ணுதியளான்னு மேல உள்ளவுக கேட்டா, நல்லாவா இருக்கும்?"

நான்காம் நாள் கடிதம் என் மேஜையில் இருந்தது. ஓரத்தில் பென்சிலில் அப்பாவின் பொடிக் கையெழுத்து. 'இடம் காலியாக உள்ளது என்கிறாய். எத்தனை? எந்தெந்த நாள்? எண்ணியது யார்?' தலையில் அடித்துக்கொண்டேன். மிஸ்ஸும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. சொல்லிவைத்துக்கொண்ட மாதிரி இரண்டு பேரும் ஒரே கேள்வி. அப்பாவின் வேலையே அதுதான். உருக்கி வார்த்தெடுத்த வார்ப்படத்தைத் தட்டிப் பார்த்து, அளந்து பார்த்து, தேறினால்தான் கையெழுத்துப் போடுவார்.

பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பெண்ணும் என் வகுப்புதான். அவளுக்கும் காலேஜ் ஆசை. இரண்டு பேரும் ஆறு நாள் காலை ஆறேகாலுக்கே மெயின் கேட்டுக்கு எதிரில் போய் நின்றோம். ஜனவரிக் குளிரில் பல் தந்தியடித்தது. தூங்கி வழிந்துகொண்டு வெளியே வந்த ஆட்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். "எவரி கோஸம்மா?" யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று டிரைவர் கேட்டார். காலி சீட்டுக்காக என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு நாள்கூடக் காலி சீட்டு பதினேழுக்குக் குறையவில்லை. அதைத் தேதிவாரியாக எழுதி, கடிதத்தைப் பேனாவில் படியெடுத்து, அப்பாவிடம் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஐந்து வாரம் போயிற்று. கைக்கடிகாரம் கேட்டவளுக்குப் பதில் வந்து மார்க்கும் வந்துவிட்டது. எனக்கு மட்டும் மார்க் நோட்டில் கட்டம் காலியாக இருந்தது. டைப்ரைட்டிங் கிளாசில் என் பெயரைப் பதிந்துவைத்திருப்பதாக அம்மா சொன்னாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

பப்ளிக் தேர்வுக்குச் சில நாள் இருக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு ஒரு பழுப்பு உறை வந்தது. உள்ளே என் கடிதம். அதோடு டைப் அடித்த ஒரு தாள். ஊழியர்களின் பெண்கள் ஆறு பேர் வரை, மூன்று மாத சோதனை முறையில், அந்த பஸ்ஸில் போய்வரலாம். பெற்றோரின் சம்மதக் கடிதம் தேவை. அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டேன். அதற்குள்ளேயே, அப்பா சம்மதக் கடிதம் தர வேண்டுமே என்ற நினைப்பும் வந்தது. அவர் இன்னும் வேண்டாம் என்று சொன்ன இடத்திலேயே அல்லவா நிற்கிறார்.

ஓடிப்போய் மிஸ்ஸிடம் காட்டினேன். அவர் டைப் அடித்த தாளைப் பார்த்துவிட்டு, என் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தை நிதானமாகப் படித்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து முன்பக்கத்தில் இருபதுக்குப் பதினெட்டு என்று போட்டார்.

"இதில் இருக்கும் நல்ல வாக்கியம் உன்னுடையது இல்லை" என்றார். "பின்னால் படித்தாயா?"

நான் திருப்பியே பார்க்கவில்லை. பின்பக்கத்தில் நான்கு குறிப்புகள், நான்கு கையெழுத்துகள். மேலே இருந்தது அப்பாவுடையது. ஆங்கிலத்தில், வார்ப்படத்துக்குச் சான்றெழுதும் அதே நடையில் எழுதியிருந்தார்.

'மேலே அனுப்பப்படுகிறது. பலமாகப் பரிந்துரைக்கப்படுகிறது. காலி இடங்களின் எண்ணிக்கையைக் கீழே கையொப்பமிட்டவர் இரண்டு நாள் நேரில் நின்று சரிபார்த்தார். மனுதாரரின் தகப்பனார் முன்பு அனுமதி மறுத்திருந்தார். அந்த மறுப்பு தவறானது. அது இத்துடன் வாபஸ் பெறப்படுகிறது.'

தான் சொன்னது தவறு என்று எங்கள் அப்பா வீட்டில் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. என்னிடமும் கடைசிவரை சொல்லவில்லை. தனக்கு மேலே இருந்த மூன்று அதிகாரிகள் படித்துக் கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, அன்றைக்கும் சாயங்காலம் வந்து காபி கேட்டிருக்கிறார். வகுப்பில் எல்லோர் முன்னாலும் நான் அழுதேன். மிஸ் தடுக்கவில்லை.