நீல மூடித் தோட்டா

தோட்டா வாங்க வருகிறவர்களிடம் ஹோபர்ட் முதலில் கேட்பது, சுவருக்கு அந்தப் பக்கம் யார் படுத்திருக்கிறார்கள் என்பதைத்தான். டெல்ஃபா ராட்லிஃபிடமும் கேட்டான். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவள் வீடு அவனுக்குத் தெரியாததல்ல.

"ஆர்வில்தான். வேற யாரு இருக்கா?" என்றாள்.

ஆர்வில் அவள் கணவன். வாலிபம் முழுவதும் சுரங்கத்தில் போனது. நுரையீரலில் நிலக்கரித் தூள் படிந்துவிட்டது. டிரெய்லர் வீட்டின் உள்ளறையில் ஆக்ஸிஜன் இயந்திரத்தோடு கிடக்கிறான். அவன் கட்டிலுக்கும் கூடத்துக்கும் நடுவே இருப்பது விரல் தடிமனில் ஒரு பலகைச் சுவர்.

ஹோபர்ட் அவளைக் கடைக்குப் பின்னால் கூட்டிப் போனான். பால் கேன்களில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்திருந்தான். முதலில் செம்பு போர்த்திய உருண்டை மூக்குத் தோட்டாவைச் சுட்டான். வரிசை முழுவதும் பிளந்து, குண்டு பின்னால் இருந்த மண்மேட்டில் போய்ப் புதைந்தது. புதுக் கேன்களை வைத்து, மூக்கில் குழி விழுந்த தோட்டாவைச் சுட்டான். அது இரண்டாவது கேனைத் தாண்டவில்லை. உள்ளே கைவிட்டு எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். ஈயம் இதழ் இதழாக விரிந்திருந்தது. ஓரங்கள் தோலைக் கீறின.

"உருண்டை மூக்கு பழகறதுக்கு. மலிவு, எத்தனை வேணா சுடலாம். இது வீட்டுக்கு. ஆளுக்குள்ளயே நின்னுடும். ஆர்வில் மேல படாது."

"உள்ள போயி இப்படியா விரியும்?"

"விரிஞ்சாத்தானே நிக்கும்."

"ரொம்ப வலிக்காம அடிக்கறது எதாவது இருக்கா?"

ஹோபர்ட் சிரித்துவிட்டான். "தலகாணி இருக்கு. அது எதிர்க்கடையில." சொன்ன பிறகுதான் யாருக்காகக் கேட்கிறாள் என்று அவனுக்கு உறைத்தது. கடைக்குள் போய் இரண்டு வகையிலும் ஒவ்வொரு பெட்டி எடுத்து வந்தான்.

வேய்லன் அவளுடைய ஒரே மகன். பள்ளிக்கூடச் சமையலறையில் அவள் பரிமாறிக்கொண்டிருந்தபோது தட்டோடு வரிசையில் வந்து, மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் "மிஸ் டெல்ஃபா" என்று மரியாதையாகக் கூப்பிட்டுக் கண்ணடிப்பான். அவனும் சுரங்கத்துக்குத்தான் போனான். முதுகு ஒடிந்தது. வலி மாத்திரையில் தொடங்கியவன் பிறகு எதையும் விடவில்லை. இந்த வசந்தத்தில் அப்பனுடைய மாத்திரைக்காக வந்தபோது அவள் மணிக்கட்டை முறித்தான். போகும்போது, அடுத்த தடவை மிஷினைப் பிடுங்கிவிட்டுத்தான் பேச்சே என்றான். படியில் விழுந்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னாள். ஷெரிஃபின் ஆள் ஜென்ட்ரி நம்பவில்லை. அவன் மறுபடி வந்தால் கூப்பிடுங்கள், ஆனால் இந்த மலை இடுக்கில் ஏறி வர எங்களுக்கு ஒரு மணி நேரமாகும் என்றான்.

உருண்டை மூக்கு மகனைத் துளைத்துக்கொண்டு புருஷனிடம் போகும். குழிமூக்கு புருஷனை விட்டுவிட்டு மகனைக் கிழிக்கும். தட்டு கழுவும்போதும் ஆர்விலைத் திருப்பிப் படுக்க வைக்கும்போதும் இதுவே மனதில் ஓடியது. மறுவாரம் ஹோபர்டிடம் திரும்பப் போனாள்.

"பாம்புத் தோட்டா குடு."

"விறகுக்கு அடியிலயா?"

"ஆமா."

நீல பிளாஸ்டிக் மூடி போட்ட தோட்டாக்களை எடுத்து வைத்தான். உள்ளே கடுகு போல ஈயம். "கிட்டக்க மூஞ்சில பட்டா கண்ணு போயிடும். மத்தபடி மனுஷன் மேல சுட்டா அவனுக்கு ஆத்திரம்தான் வரும்."

"பாம்புக்குன்னு சொன்னேனே, காது அடைச்சுப்போச்சா?"

கோடையில் ரிவால்வரின் முதல் வெடியாகப் பாம்புத் தோட்டா வைப்பது அந்தப் பக்கத்து ஆண்களின் வழக்கம். அவர்கள் வைப்பதை அவள் பார்த்ததில்லை, காதால் கேட்டிருக்கிறாள். ஆர்விலின் ரிவால்வர் உருளையில் தோட்டா போட ஆறு குழிகள். கீழே விழுந்தால் வெடிக்கக் கூடாதென்று, தோட்டாவை அடிக்கும் சுத்திக்கு நேரே உள்ள குழியை அவன் எப்போதும் காலியாக விட்டிருந்தான். அவள் மற்ற ஐந்திலும் குழிமூக்கை வைத்துவிட்டு, அந்தக் காலிக் குழியில் நீல மூடியை வைத்தாள். சுத்தி அதன்மேல்தானே விழப்போகிறது. முதலில் கடுகு தெறிக்கும். அவன் பயந்து ஓடிவிடுவான். ஓடாவிட்டால்தான் மற்றது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து, மேலே பழைய சுரங்க மேட்டில் போய்ப் பழகினாள். பழகும்போது ஆறும் உருண்டை மூக்கு. எது முதலில் போகிறது என்று பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

வேய்லன் ஒரு மழைப் பிற்பகலில் வந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பீன்ஸ் வாசம் ரோட்டுக்கே வருதும்மா."

"உக்காரு. சோள ரொட்டியும் இருக்கு."

"அப்புறம் திங்கறேன். மாத்திரை எங்க?"

"நர்ஸு பூட்டி சாவிய எடுத்துட்டுப் போறா."

"பொய் சொன்னா உன் மூக்கு சிவக்கும்மா. ஸ்கூல்ல பீட்சா தீந்துபோச்சுன்னு புள்ளைங்ககிட்ட புளுகுவியே, அப்பவும் அப்படித்தான்."

அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. அவன் குனிந்து, கூடத்துச் சுவரில் இருந்த இயந்திரத்தின் பிளக்கை உருவினான். உள்ளே இரைச்சல் நின்றது. இயந்திரத்தின் எச்சரிக்கை மணி அலறியது. ஆர்வில் சுவரைத் தட்டினான்.

அடுப்பு மேடையில் கிடந்த துண்டுக்கு அடியிலிருந்து அவள் ரிவால்வரை எடுத்தாள். "சொருகுடா."

"நீயா? கை தாங்குமா?" சிரித்துக்கொண்டே நெருங்கினான். அவனுக்குப் பின்னால் அந்தச் சுவர்.

கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று தொடையைப் பார்த்துச் சுட்டாள்.

வேய்லன் உட்கார்ந்தான். காலைப் பார்த்தான், பிறகு அவளை. "என்னம்மா இது?" என்றான். ரத்தம் அவள் நினைத்த மாதிரி துளித்துளியாக இல்லை, கொட்டியது. மணி அலறிக்கொண்டே இருந்தது. முதலில் பிளக்கைச் சொருகினாள். ஷெரிஃப் ஆபீசுக்குப் போன் செய்தாள். பிறகு துண்டைத் தொடையில் வைத்து அழுத்தினாள். அழுத்தியபடியே இருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து ஜென்ட்ரி வந்து, மூச்சு நின்றுபோன மகன்மேலிருந்து அவள் கையை எடுத்துவிட வேண்டியிருந்தது.

ஜென்ட்ரியும் அவள் பரிமாறிய சோற்றைத் தின்றவன்தான். துப்பாக்கியைத் திறந்து பார்த்தான். ஒன்று வெடித்திருந்தது. நான்கு குழிமூக்கு. ஒரு நீல மூடி.

"மிஸ் டெல்ஃபா, இது எதுக்கு?"

"அதுதான் முதல்ல போகணும். சுத்திக்கு நேரா வச்சேன்."

அவன் உருளையை விரலால் ஒரு குழி நகர்த்திக் காட்டினான்.

"விசைய இழுத்தா முதல்ல உருளை ஒரு குழி நகரும். அப்புறம்தான் சுத்தி விழும்," என்றான் மெதுவாக. "நேரா இருக்கறது கடைசியாத்தான் போகும்."

அவள் எழுந்து போய்ச் சுவரை உள்ளங்கையால் தடவினாள். மேலிருந்து கீழ்வரை தடவினாள். ஓட்டை எதுவும் இல்லை. அந்தப் பக்கம் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஹோபர்ட் சொன்னபடியே, குண்டு ஆளுக்குள்ளேயே நின்றிருந்தது.