கூப்பிட்டால் வரும்

சந்துக்குள் நுழைவதற்கு முன் மேத்யூ இஸ்திரி வண்டிக்குப் பின்னால் ஒதுங்கிச் சட்டையைக் கழற்றுவார். காக்கிச் சட்டையைச் சுருட்டிப் பிளாஸ்டிக் பையில் திணித்து இறுக்கி முடிச்சுப் போடுவார். பக்கத்துக் குழாயில் முழங்கை வரை சோப்புத் தேய்த்துக் கழுவுவார். பிறகு வேறு சட்டையை மாட்டிக்கொண்டு, ஒன்றும் அறியாதவர்போல உள்ளே நடப்பார். பல வருடங்களாக இதே வழக்கம். நாய்கள் ஒரு நாளும் ஏமாந்ததில்லை. முதல் வீட்டு வாசலில் படுத்திருக்கும் செவலை தலையைத் தூக்கி ஒரு குரல் கொடுத்தால் போதும், குரைப்பு சந்தின் கடைசி வரை போய்ச் சேர்ந்துவிடும்.

"இன்னா மேத்யூ, மந்திரி வந்தாக்கூட இவ்ளோ வரவேற்பு கெடையாதுபா!" என்பார் இஸ்திரிக்காரர்.

"மால தான் போடல" என்பார் மேத்யூ.

நாய் பிடிக்கும் வண்டியில் வேலை. வலை வீசிப் பிடித்துக் கூண்டில் ஏற்ற வேண்டும். கருத்தடை முடிந்து, அடையாளத்துக்குக் காது நுனியில் வெட்டுப் போட்டபின், பிடித்த தெருவிலேயே கொண்டுபோய் விட வேண்டும். யாராவது கேட்டால், "கார்ப்பரேஷன் வண்டில கீறேன்" என்று மட்டும் சொல்வார். மீதியை நாய்கள் சொல்லிவிடும்.

ஒல்லியான மனிதர். கெண்டைக்கால் முழுக்கப் பல் பட்ட தழும்பு. தெருவில் நடக்கும்போது தலை அரித்தாலும் கையைத் தூக்கமாட்டார். தூக்கினால் வலை வீசப்போவதாக நாய்கள் நினைத்துக்கொள்ளும். மந்தைவெளியிலிருந்து சாந்தோம் கோயிலுக்கு ஞாயிறு பூசைக்குப் போகும்போது மனைவி ஆலிஸ் முன்னால் போவாள், இவர் தள்ளிப் பின்னால் வருவார். குரைப்பு தன்னோடு வரட்டும், அவள் புடவை கட்டிக்கொண்டு மரியாதையாகப் போகட்டும் என்பது அவர் கணக்கு.

வாசனைதான் காட்டிக்கொடுக்கிறது என்று நம்பி வேப்பிலை சோப்பு மாற்றிப் பார்த்தார். சீயக்காய் தேய்த்துப் பார்த்தார். திருவல்லிக்கேணியில் ஜைதூன் பீ கடையில் அத்தர் வாங்கிக் காதுமடலில் தடவிக்கொண்டு வந்தார். அன்றைக்குப் பூனையும் சேர்ந்து ஓடியது.

"நாய் மறக்காது. அதுகூட பரவால்ல. கண்ணு தொறந்து பத்து நாள் ஆவாத குட்டி, ஆத்தா கொலைக்கறத பாத்து என்ன பாத்து கொலைக்குது. அதுக்கு நா இன்னா பண்ணேன்?" என்று ஆலிஸிடம் ஒருமுறை கேட்டார்.

மனிதர்களிடமும் அப்படித்தான். அடையாற்றில் ஒரு பெண்மணி போனில் படம் பிடித்துக்கொண்டே, "நீயெல்லாம் மனுஷனா?" என்று கேட்டார். பிடித்த நாய்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டபோது அடுத்த வீட்டுக்காரர், "திரும்ப இங்கியே விடறியே, நீயெல்லாம் மனுஷனா?" என்றார்.

ரோசி வந்தது இதற்கு நடுவில்தான். தண்ணீர் லாரியில் தாய் நாய் அடிபட்டது. மாடிப்படிக்கு அடியில் கிடந்த குட்டிகளில் ஒன்று மட்டும் மிஞ்சியது. இன்னும் கண் திறக்கவில்லை. மேத்யூ அதைத் தன் காக்கிச் சட்டையில் சுற்றி மடியில் வைத்து, இங்க் பில்லரால் பால் விட்டார். மற்ற நாய்கள் எந்த வாசனைக்கு நடுங்கினவோ அதற்குள்ளேயே ரோசி வளர்ந்தது. அதற்கு அதுதான் தாய் வாசனை. வளர்ந்தபின், சந்தே குரைத்துக்கொண்டிருக்கும்போது அது மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து, முடிச்சுப் போட்ட பையை நக்கும்.

"யோவ், ஊரே தொரத்துது, இது ஒண்ணு தான் உன்ன மனுஷன்னு நம்பிக்கினு கீது" என்பாள் ஆலிஸ். அந்த வருடம் மேத்யூவுக்குச் சதை பிடித்தது என்றுகூடச் சொன்னார்கள்.

போன மழைக்காலத்துக்கு முன் சந்தில் ஒரு பெண்பிள்ளையைச் செவலை கடித்துவிட்டது. புகார் போனது. காது வெட்டாத நாய் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு. ரோசிக்கும் காது முழுசாக இருந்தது.

வண்டி ஓட்டுநர் சண்முகசுந்தரம் நல்ல மனிதர். "நீ உள்ள போய் டீ குடி. நா புட்சிக்கினு போறேன்" என்றார்.

"வலய போட்டா பயந்துடும் மாமா. சின்ன வயசு. நா கூப்டா வரும்."

ஆபரேஷன் வேண்டும் என்று மேத்யூவுக்கும் எண்ணம்தான். குட்டி போட்டால், லாரி போகிற அந்தச் சாலையில் எது பிழைக்கும்? சந்து நடுவில் குந்திக்கொண்டு, "ரோசி" என்றார். மற்றவை எல்லாம் சிதறி ஓட, அது மட்டும் வந்தது. முகத்தை நக்கியது. தூக்கிக்கொண்டுபோய்த் தன் கையாலேயே கூண்டில் விட்டார். கதவு இரும்பில் மோதிச் சாத்திக்கொண்டது. உள்ளே இருந்த நாய்களெல்லாம் ஊளையிட, ரோசி சத்தமே போடவில்லை. கம்பி வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தது, ஏதோ தவறு நடந்துவிட்டது, அவர் வந்து திறந்துவிடுவார் என்பதுபோல.

கருத்தடை மையத்திலிருந்து திரும்பியபோது ரோசிக்குக் காது நுனி இல்லை. உடம்பு தேறித்தான் இருந்தது. சந்து முனையில் இறக்கிவிட்டு மேத்யூ கூப்பிட்டார். "ரோசி." அது நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டுவிட்டு ஒரு காருக்கு அடியில் போய் ஒண்டியது. மறுபடி கூப்பிட்டார். காருக்கு அந்தப் பக்கம் வெளியேறி ஓடியது.

சண்முகசுந்தரம் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "வலைல புட்ச்சிருந்தா வலைய பாத்து பயந்திருக்கும் மேத்யூ. நீ தான் பேர் சொல்லி கூப்ட்டியே."

மேத்யூ வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

சில வாரம் முயன்றார். பிஸ்கட் வைத்தார். தூரத்தில் குந்திப் பார்த்தார். அந்தப் பழைய காக்கிச் சட்டையைப் படிக்கட்டில் போட்டுவைத்தார். ரோசி அதை முகர்ந்தது, அதன்மேல் படுத்துக்கூடத் தூங்கியது. அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் மட்டும் எழுந்து ஓடியது. வாசனையை அது மன்னித்திருக்கலாம். குரலை மன்னிக்கவில்லை.

"உடுய்யா. மிருகம் தான, மறந்துடும்" என்றாள் ஆலிஸ்.

"மறக்காது" என்றார் மேத்யூ.

இப்போதும் அவர் அதே வண்டியில்தான் போகிறார். ரோசி அதே சந்தில்தான் இருக்கிறது. பொழுது சாயும்போது ஆலிஸ் வாசலில் சோறு வைக்கிறாள். அது வந்து தின்று முடிக்கும் வரை மேத்யூ வீட்டுக்குள் வாய் திறப்பதில்லை. இருமல் வந்தால் தலையணையில் முகத்தை அழுத்திக்கொள்கிறார்.