மேற்குப் பக்கம் வரும் வரை

சுழலும் உணவகங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. பனிமலை உச்சியில் ஒன்று, தொலைக்காட்சிக் கோபுரத்தின் கழுத்தில் ஒன்று. எல்லாவற்றையும் என் மாமா செல்போனில் பார்த்திருந்தார். ஆவடியில் ராணுவ டாங்கிகளின் சுழலும் தலையைப் பொருத்தும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எது சுழன்றாலும் அதன் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியாது.

மாமிக்கு அறுபது முடிந்த அன்று, நகரத்தின் நடுவே ஓர் ஓட்டல் மாடியில் இருக்கும் அப்படியொரு உணவகத்துக்கு ஆவடி வீட்டிலிருந்து மூன்று பேரும் ரயிலேறிப் போனோம். மேஜை நாலரையிலிருந்து ஆறு வரை எங்களுக்கு. ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம். உட்கார்ந்தபோது எதிரே கடல்.

"கடலப் பாக்க இம்மா உசரம் ஏறணுமா?" என்றார் மாமி. "நம்ம பக்கம் எப்ப வரும்?"

"பாதி சுத்து. அஞ்சேகாலுக்கு பாடி, அம்பத்தூரு எல்லாம் வந்துடும்" என்றார் மாமா.

எதிர்ப்பக்கம் நடந்து போய்ப் பார்த்துவிடலாமே என்றேன். அங்கே ஒரு கூட்டம் கேக் வெட்டிக்கொண்டிருந்தது.

"அடுத்தவங்க தட்டு மேல எட்டிப் பாக்க சொல்றியா? அதுவா வரட்டும்" என்றார் மாமி.

மேஜைகள் இருக்கும் தரை மட்டும்தான் நகரும். ஜன்னல் சுவர் அப்படியே நிற்கும். இரண்டுக்கும் நடுவே விரல் நுழையாத ஓர் இடைவெளி. இப்படி இடைவெளியைக் கண்டால் மெல்லிய தகட்டைச் செருகி அளந்து பார்ப்பது மாமாவின் தொழிற்சாலைப் பழக்கம். கையில் தகடு இல்லை. சூப் ஸ்பூனின் காம்பு இருந்தது. மேஜைக்கு அடியில் குனிந்தார்.

கறுக் என்று ஒரு சத்தம். தரை நின்றது. ஜன்னலில் பரங்கிமலை.

மின்சாரக் கோளாறு, பத்து நிமிடம் என்று மேலாளர் மேஜை மேஜையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மாமா சூப்பைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தார். மாமி அதைப் பார்த்தார்.

"ஸ்பூன் எங்க?"

"கீது."

"எங்க கீது?"

மாமா கண்ணால் தரையைக் காட்டினார்.

"போய் சொல்லுங்க."

"சர்வீஸ் முடிச்ச ஆளு நானு. இன்னா நெனைப்பாங்க?"

"நான் பரங்கிமலையப் பாக்க வரல."

அரை மணி நேரம் மாமா அசையவில்லை. எலக்ட்ரீஷியன் ஒரு பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஃபியூஸாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் மாமா எழுந்து போனார்.

"அண்ணாத்தே, கரண்டுல ஒண்ணும் இல்ல. என் ஸ்பூன் மாட்டிகினு கீது."

எலக்ட்ரீஷியன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "சூப்பு புடிக்கலன்னா சொல்லியிருக்கலாமே சார்."

இருவரும் மண்டி போட்டுக் குறடால் இழுத்தார்கள். ஸ்பூன் திருகிக்கொண்டு வந்தது. "கேப்பு நல்லா டைட்டா வெச்சிகிறீங்க" என்று மாமா பாராட்டினார். தரை மறுபடி நகர்ந்தது.

ஆறு மணிக்கு எங்கள் ஜன்னலில் போரூர் ஏரிதான் வந்திருந்தது. அடுத்து உட்கார வேண்டிய குடும்பம் வாசலில் நின்றது. மேலாளர் எங்களை நோக்கி வந்தார். அவர் வாய் திறப்பதற்குள் மாமி கையைத் தூக்கினார்.

"தம்பி, ஐஸ்கிரீம் ஒண்ணு."

சாப்பிடுகிறவரை எழுப்ப யாருக்கும் மனம் வராது என்பது அவர் கணக்கு. அது சரியாகவே இருந்தது. நுனி நாக்கால் தொட்டுத் தொட்டு, பாதியைக் கரையவிட்டுச் சாப்பிட்டார். பாடி மேம்பாலம் வந்தது, வரிசையாக லாரிகளோடு. பிறகு அம்பத்தூர் தொழிற்பேட்டையின் தகரக் கூரைகள். அதற்கும் பின்னால், வெயிலில் கலங்கி, ஆவடியாக இருக்க வேண்டிய ஏதோ ஒன்று.

மாமி நெற்றியில் கை வைத்து மறைத்துக்கொண்டு பார்த்தார்.

"இம்மா கிட்டக்கவா கீது நம்ம ஊடு? இதுக்கா ரயில்ல முக்கா மணி நேரம் நின்னுகினு வந்தோம்?"

பிறகு கிண்ணத்தைத் தள்ளிவைத்தார்.

"சரி, எழுந்திருங்க. பாவம், அவங்க நிக்கிறாங்க."