பெல்ட்காரர் தேடாத இடம்

பூமி சுற்றுவதே பெல்ட்காரர் போட்ட ஒட்டின் மேல்தான். அவர் ஒருநாள் லீவு போட்டால் சூரியன் கிளம்ப வழியில்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். சொல்வது அவருடைய மகள். ஆகவே பாதியைத் தள்ளிவிடலாம். மீதிப் பாதி உண்மை. கல் உடைக்கும் ஆலையில் ஜல்லி சுமக்கும் ரப்பர் பெல்ட் கிழிந்தால் கூப்பிடுவது அவரைத்தான்.

கிழிசலை வெட்டி, முனைகளைப் படிப்படியாக உரித்து, தேய்த்து, பசை தடவுவார். பதம் வந்ததா என்று விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்ப்பார். வீட்டிலும் அதே கைதான். புதுப் பெயின்ட் அடித்த கதவு, மனைவி தலையில் பூசிய சாயம் எதுவும் தப்பாது.

ரப்பர் முன்னால் புலி. போனில் மட்டும் பூனை.

அன்று பத்து மணிக்கு ஒட்டி முடித்தார். ஆறு மணி நேரம் பெல்ட் அசையக் கூடாது. மோட்டார் சுவிட்சுக்குத் தன் பூட்டைப் போட்டுவிட்டு, சாவியோடு வீட்டுக்குச் சாப்பிட வந்தார். பூட்டியவர்தான் திறக்க வேண்டும், அது ஆலைச் சட்டம்.

ஒரு மணிக்கு சூப்பர்வைசர் போன்.

"லாரியெல்லாம் வரிசையில நிக்குதுய்யா. வந்து திற!"

"சார், இன்னும் மூணு மணி நேரம்..."

"போன தடவையும் இதையேதான் சொன்ன. அப்புறம் திறக்கலையா?"

போன தடவை திறந்தார்தான். ஒட்டு வாயைப் பிளந்தது. பழி அவர் தலையில் விழுந்தது. இன்னொரு தடவை பிளந்தால் அந்த ஆலை வாசலையே மறந்துவிட வேண்டியதுதான். அது தெரிந்தும் "சரிங்க சார்" என்றது பூனை.

கிளம்பினால், ஆணியில் மாட்டிய சாவியைக் காணோம்.

செருப்புக்குள் தேடினார். தலையணை உறையை உதறினார். பூந்தொட்டி மண்ணைக் கிளறினார்.

"தண்ணி ஊத்துங்க, சாவி முளைக்கும்" என்றாள் மனைவி.

"அப்பாவுக்கு மறதி முத்திடுச்சும்மா" என்று மகள் கட்டிலுக்கடியில் ஊர்ந்து ஊர்ந்து தேடினாள்.

அவர் போனை எடுத்தார். "சார், சத்தியமா சாவி என் கையில இல்ல." சூப்பர்வைசரின் பதில் தெருமுனை வரைக்கும் கேட்டது.

மூன்றரைக்குப் பார்த்தால் சாவி அதே ஆணியில் தொங்கியது.

நாலு மணிக்குப் பூட்டைத் திறந்தார். பெல்ட் ஓடியது. ஜல்லியோடு ஒட்டு ஒரு சுற்று, பத்து சுற்று, நூறு சுற்று போய் வந்தது. ஒரு சின்ன 'டக்' கூடக் கேட்கவில்லை.

வீடு திரும்பியபோது மகள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னைப் பத்தியா?"

"ஆமாப்பா. மறதி மன்னன் கதை."

அவர் குனிந்து, அவள் கட்டைவிரலை விரலின் பின்பக்கத்தால் தொட்டார். கறுப்பாக ஒரு திட்டு.

"மை" என்றாள் அவசரமாக.

"சர்க்கரை டப்பா மூடியிலயும் அதே மைதானா? சாவியில இருந்த பசை, கண்ணு. சோப்புக்கெல்லாம் போகாது. வீட்டையே கவிழ்த்துத் தேடினேனே, அந்த டப்பாவைத் தொட்டேனா? அதையும் எழுது."