கழுவாத தெரு

தையல்காரிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது தெருவே அறிந்த விஷயம். அளவெடுக்கும்போதே அரசியல் பேசுவாள். மழை பெய்தால் மட்டும் அந்த வாய் அடைத்துப்போகும். சாக்கடை பொங்கி, வாசற்படி ஏறி, முன்னறையில் கிடக்கும் தையல் மெஷினின் காலைத் தொட்டு நிற்கும். இன்னொரு தடவை தண்ணீர் ஏறினால் மெஷினை விற்றுவிட வேண்டியதுதான் என்று கணவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். கல்யாணத்துக்கு முன்பே அவள் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய மெஷின். விற்பதாவது!

இத்தனைக்கும் கவுன்சிலர் அந்தத் தெருவுக்கு வராதவர் அல்ல. வருவார், "அடடா, என்ன சுத்தம்" என்று மெச்சிவிட்டுப் போவார். மெச்சாமல் என்ன செய்வார்? அவர் வருகிறார் என்றால் போதும், தெருவே விளக்குமாறும் வாளியுமாக இறங்கிவிடும். சாக்கடையை அள்ளி, பிளீச்சிங் பவுடர் தூவி, பள்ளத்தில் மணல் கொட்டி வைப்பார்கள். பெரிய மனுஷர் வரும்போது நாறினால் மானம் என்னாவது? இதில் முதல் ஆள் தையல்காரியின் மாமியார். சாக்கடைத் தண்ணீர் வடியப் புதுக் குழாய் கேட்டுப் போன தையல்காரியை, "உங்க தெருவுக்கு என்னம்மா குறைச்சல்?" என்று வார்டு ஆபீசில் திருப்பி அனுப்பினார்கள்.

மறுபடி தேர்தல் வந்தது. கவுன்சிலர் ஓட்டுக் கேட்டு வருகிற அன்று பார்த்து, விடிய விடியப் பெய்த மழை. மாமியார் வாளியை எடுத்தாள். தையல்காரி வாசலை மறித்தாள்.

"இன்னைக்கு வேண்டாம் அத்தை."

"நாறுதுடி. வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"நமக்கு மட்டும் மணக்குதா? அவரும் கொஞ்சம் மோந்து பாக்கட்டும்."

"எனக்கு வெக்கமா இருக்கு."

"எனக்கும்தான். மெஷின் போயிடுச்சுன்னா வெக்கத்தை வச்சுக்கிட்டு என்னத்தைத் தைக்கிறது?"

மாமியார் மெஷினைப் பார்த்தாள். பிறகு வாளியை வைத்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தாள். "அய்யய்யோ, எதிர்வீட்டுக்காரி பெருக்க ஆரம்பிச்சுட்டா பாரு" என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். அன்று வீடு வீடாகப் போய் விளக்குமாற்றைப் பிடுங்கியது அவள்தான்.

கவுன்சிலர் தெருமுனையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். அங்கிருந்தே கும்பிட்டுவிட்டு நழுவப் பார்த்தார். மாமியாரா விடுவாள்?

"அங்கேயே நின்னா எப்படி தம்பி? உள்ள வந்து உக்காருங்க."

வந்தார். கணுக்கால் முங்கியது. ஒரு செருப்பைச் சாக்கடை வாங்கிக்கொண்டது. ஈரக்காலோடு மெஷின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர், "நான் வந்தப்பல்லாம் இப்படி இல்லையேம்மா" என்றார்.

"நீங்க வர்றீங்கன்னு கழுவி வச்சிடுவோம் சார்" என்றாள் தையல்காரி.

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "மறைச்சு வச்சுட்டீங்களேம்மா. நான் மேடை மேடையா உங்க தெருவைப் புகழ்ந்துக்கிட்டு இருந்தேன்."

"இனிமே மறைக்க மாட்டோம். ஜெயிச்சாலும் தோத்தாலும் அடுத்த மழைக்கு வாங்க."

செருப்பு போன கதை ஊரெல்லாம் பரவியது. எதிர்க்கட்சி வேட்பாளரும் சும்மா இருப்பாரா? மறுநாளே வந்து அதே தண்ணீரில் நின்று வாக்குக் கொடுத்தார். கடைசியில் ஜெயித்தது கவுன்சிலர்தான், அதுவும் தட்டுத்தடுமாறி. குழாய் பதிக்கத் தோண்டியபோது அவர் செருப்பும் கிடைத்தது.

அடுத்த பெருமழை பகலில் வந்தது. தையல்காரி பாதித் தையலில் மெஷினை நிறுத்திவிட்டு வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் தெருவோடு வந்தது, குழாய்க்குள் இறங்கியது, போய்விட்டது. வாளியோடு வந்த மாமியார் கழுவ ஒன்றும் இல்லாமல் நின்றாள்.

"ஏன்டி நிறுத்திட்ட?" என்றாள். "மிதி."